வீல் அலைன்மெண்ட், பேலன்சிங்: கம்பெனி சர்வீஸா, டயர் கடையா, நூல் பிடிக்கும் வர்க்‌ஷாப்பா?

"டயர் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, உள்பக்க விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட்டது. அலைன்மெண்ட் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கே பார்ப்பது?" மழை ஓய்ந்து குழிகள் வெளியே தெரியத் தொடங்கும் நாட்களில், தக்கலையிலிருந்தும் கருங்கலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் குமரி மாவட்டம் என்பதால், ஆண்டுக்கு இருமுறை இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

நம் பகுதியில் இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். கேமரா வைத்து 3டி முறையில் அளக்கும் டயர் கடைக்குப் போகலாம். சக்கரத்தில் சென்சார் பெட்டிகளை மாட்டி அளக்கும் பழைய மிஷின் உள்ள வர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அல்லது, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் சக்கரத்துக்கு நூல் பிடித்தே சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருகும் ஊர் மெக்கானிக்கிடம் போகலாம். நான்கில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த வண்டிக்கு, எந்தக் குறைக்கு எது பொருந்தும் என்று கேட்டால் பதில் சொல்வது எளிது.

## இரண்டும் வேறு வேலைகள்

கடைப் பலகைகளில் சேர்த்தே எழுதிவைப்பதால், அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் ஒரே வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதை அளந்து திருத்துவது அலைன்மெண்ட். அந்தச் சக்கரம் சுற்றும்போது ஒருபக்கம் கனத்துக் குதிக்காமல் பார்த்துக்கொள்வது பேலன்சிங். நேர்ச்சாலையில் வண்டி ஒருபக்கமாக இழுத்தாலோ, வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தாலோ அலைன்மெண்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரத்தின் பேலன்சிங்கையும், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரத்தின் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கின் குறை. அதற்கு இந்த இரண்டுமே மருந்தல்ல.

அலைன்மெண்ட்டில் அளக்கப்படும் கோணங்களில் மூன்று முக்கியமானவை. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றனவா, வெளிநோக்கியா என்பது டோ. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல், சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். நம் ஊர்களில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் திருத்தக்கூடியது முன்சக்கர டோ மட்டும்தான். கேம்பரும் காஸ்டரும் அளவைத் தாண்டியிருந்தால், ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று பொருள். செலவு பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

டோவில் சிறு பிழைகூட எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சக்கரம் தன் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேறுபாடு. அந்த நிலையில் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால், சக்கரம் கணக்குப்படி 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு அது 87 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்தையும் தாண்டிய தூரத்துக்கு டயரைத் தார்ச்சாலையில் அரத்தில் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டு போவதற்குச் சமம் இது. இதைக் கண்டுபிடிக்க மிஷின் தேவையில்லை: உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள்; ஒரு திசையில் வழுவழுவென்றும் மறுதிசையில் அரம்போலும் தட்டுப்பட்டால் டோ விலகியிருக்கிறது.

பேலன்சிங்கின் கணக்கு வேறு. சிறு காரின் ரிம் விளிம்பில் 30 கிராம் எடை ஒருபக்கம் கூடுதலாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ எடையின் விசையோடு, நொடிக்குப் பன்னிரண்டு முறை சக்கரத்தை உலுக்கும். வேகம் 40 ஆகக் குறைந்தால் விசை நான்கில் ஒன்றாகி முக்கால் கிலோவுக்கு இறங்கிவிடும். வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையே நாள் முழுக்க ஓட்டினாலும் தெரியாத நடுக்கம், காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நோக்கி நான்குவழிச் சாலையில் ஏறியதும் கைக்கு வருவது இதனால்தான்.

## கடைக்குப் போவதற்கு முன்

செலவில்லாத சில சோதனைகள் உண்டு. பாதிப் பேருக்கு இதிலேயே காரியம் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். முதலில், காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். ஒருபக்க முன்டயரில் காற்றுக் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

அடுத்தது சேறு. பேச்சிப்பாறை, அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பாதைகளில் மழைநாளில் போய்வந்த வண்டியின் ரிம்முக்குள் செம்மண் அப்பி, காய்ந்து, கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வெளியே பளபளவென்று கழுவிய வண்டியிலும் ரிம்மின் உள்குழிவில் அது இருக்கும். ஒரு கைப்பிடி மண் போதும், மேலே சொன்ன 30 கிராமைத் தாண்டிவிடும். பின்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிய பிறகும் நடுக்கம் இருந்தால் மட்டும் பேலன்சிங்குக்குப் போங்கள்.

மூன்றாவது, சாலை. மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் இருபுறமும் சரிவாகப் போடப்பட்டவை. இடப்பக்கம் ஓட்டும் வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்வது இயல்பு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் எந்த வண்டியும் நேராகப் போகாது. காற்றாலைகள் சுழலும் இடத்தில் வைத்து அலைன்மெண்ட்டைச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் கார் இடப்பக்கம் இழுத்தது. ஒரு கடையில் அலைன்மெண்ட் பார்த்தேன். திரையில் எல்லாம் பச்சை, அதாவது அளவுகள் எல்லைக்குள். இழுப்பு போகவில்லை. வேறொரு கடையில் மறுபடியும் பார்த்தேன். அங்கும் பச்சை, அங்கும் கட்டணம். கடைசியில் வயதான ஒரு மெக்கானிக் எதையும் அளக்காமல் முன்டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டி, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்றார். வண்டி வலப்பக்கம் இழுத்தது. டயரின் உள்ளமைப்பே ஒருபக்கம் கூம்புபோல் அமைந்துவிட்டிருந்தது. அந்த டயர் பின்னால் போனதும் இழுப்பும் போயிற்று. இந்தச் சோதனையை எந்தக் கடையிலும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை மட்டும் இடம் வலமாக மாற்றி ஓட்டக் கூடாது.

## எவற்றைக்கொண்டு ஒப்பிடுவது

நான் முதலில் பார்ப்பது, வண்டி மிஷினில் ஏறுவதற்கு முன் யாராவது அதன் கீழே போகிறார்களா என்பதை. டை ராடின் முனை மூட்டான டை ராடு எண்டோ, சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட்டோ, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ ஆடிக்கொண்டிருக்கும் வண்டியில் எவ்வளவு நுட்பமாக அளவு வைத்தாலும் அடுத்த வேகத்தடையில் அது மாறிவிடும். மிஷினின் விலையைவிட இந்த ஐந்து நிமிடம் பெரிது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அந்த மற்றவை இவை: அளவு எவ்வளவு நுட்பமானது, முன்பும் பின்பும் உள்ள அளவுகள் காகிதத்தில் கிடைக்குமா, நான்கு சக்கரமும் அளக்கப்படுகிறதா, முன்சக்கரம் மட்டுமா, பேலன்சிங்கும் அதே இடத்தில் முடியுமா, பலகையில் எழுதிய கட்டணத்துக்கு மேல் என்னென்ன ஏறும், வாரண்டியோ, ஸ்டியரிங்கின் மின்னணுப் பாகங்களோ சம்பந்தப்பட்டிருக்கிறதா. தூரத்தையும் கணக்கில் சேருங்கள். கொல்லங்கோட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு வண்டியைக் கொண்டுபோய், அரைநாள் காத்திருந்து திரும்புவதும் செலவுதான்.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு இதுவே முதல் தெரிவு. அந்த மாடலுக்கு உரிய சரியான அளவுகள் அவர்களிடம் இருக்கும்; புதிய வண்டியிலேயே கேம்பர் விலகியிருந்தால் பாகத்தை மாற்றித் தரும் பொறுப்பும் அவர்களைச் சேரும். வழுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.பி. வசதி உள்ள வண்டிகளில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அறியும் சென்சார் ஒன்று இருக்கும். அலைன்மெண்ட்டில் ஸ்டியரிங்கின் நடுநிலை மாறினால், பல மாடல்களில் இந்தச் சென்சாருக்கும் புதிய நடுநிலையை ஸ்கேனர் வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கும். டயர் கடைகள் எல்லாவற்றிலும் அந்த ஸ்கேனர் இருக்காது. அலைன்மெண்ட் முடிந்து வந்ததும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருடைய கதை இதுதான்.

மறைந்த செலவுகள் இங்கே வேறு வடிவில் வரும். ஆண்டுச் சர்வீஸ் பில்லில் அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் ஒரு வரியாகச் சேர்ந்திருக்கும். அன்று நாற்பது வண்டி நிற்கும் கூடத்தில் அது எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. வேலை உங்கள் கண்முன் நடப்பதில்லை. ஆகவே வண்டியை விடும்போதே, முன்பின் அளவுகள் அச்சிட்ட தாள் வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். புஷ் மட்டும் தேய்ந்த இடத்தில் முழு லோயர் ஆர்மையும் மாற்றுவது அங்கே வழக்கம். அது தவறான வேலையல்ல, ஆனால் பில் கூடும். இன்னொன்று, காருக்கு வாரண்டி இருந்தாலும் டயர் தேய்மானம் அதில் வராது. டயரின் வாரண்டியை டயர்க் கம்பெனி தனியாகப் பார்க்கும். ஒருபக்கம் தேய்ந்த டயரைக் கொண்டுபோனால் அலைன்மெண்ட் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்த நேரத்தில் கையில் அளவுத்தாள் இருப்பவர் பேச முடியும்.

## 3டி மிஷின் உள்ள டயர் கடை

வாரண்டி முடிந்த சிறு கார்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு: வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

நல்ல கடையில் வேலை இப்படி நடக்கும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றியதும் பையன் ஒருவன் காற்றைச் சரிபார்ப்பான். பிறகு மூத்தவர் ஒருவர் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் இரு கைகளையும் வைத்து இடம் வலமாக உலுக்குவார். பிறகு பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் வைத்து மேல் கீழாக உலுக்குவார். ஒருமுறை என் மைத்துனரின் காரில் ஒன்பது மூன்றில் 'டக்' என்று ஒரு சிறு சத்தம் வந்தது. கேட்டதைவிடக் கையில் உணர்ந்தது அதிகம். அவர் கீழே குனிந்து டை ராடு எண்டின் ரப்பர் உறையை விரலால் தொட்டுக் காட்டினார். உறை கிழிந்து, கிரீஸ் கறுத்து, அதில் கடல்மணல் கலந்திருந்தது. "இத மாத்தாம அலைன்மெண்ட் புடிச்சா பைசா வீணுதான் அண்ணாச்சி" என்று சொல்லி, வண்டியை இறக்கிவிட்டார். அன்று அவருக்கு அலைன்மெண்ட் கட்டணம் கிடைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் குடும்பத்து வண்டிகள் எல்லாம் அங்கேதான் போகின்றன.

சோதனை முடிந்ததும் நான்கு சக்கரங்களிலும் புள்ளிகளோ கட்டங்களோ பொறித்த பலகைகளை மாட்டுவார்கள். எதிரே உள்ள கேமராக்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைச் சற்றுப் பின்னே தள்ளி, மறுபடி முன்னே கொண்டுவருவார்கள். ரிம்மிலோ மாட்டிய கொக்கியிலோ உள்ள சிறு கோணலை மிஷின் கழித்துக்கொள்வது இந்த உருட்டலில்தான். இதைத் தவிர்த்துவிட்டு அளந்தால் விலை உயர்ந்த மிஷினும் தவறான எண்ணைக் காட்டும். பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டி, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் டோவை வைப்பார்கள். ஸ்டியரிங்கைப் பூட்டாமல் டோவை வைத்தால் வண்டி நேராக ஓடும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். திரையில் உங்கள் மாடலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாடலின் அளவில் புதிய மாடலை வைத்துப் பச்சை காட்டுவது நடக்கக்கூடியதே.

நான்கு சக்கரமும் அளக்கப்படுவதால் வரும் பயன் ஒன்று உண்டு. சிறு கார்களில் பின்பக்கம் திருத்த இடமில்லை என்றாலும், பின்சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று தெரிந்தால், முன்சக்கரங்களை அந்தத் திசைக்கு ஒத்து வைக்க முடியும். பின்னால் இடிபட்ட வண்டியில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நூல் முறைக்குப் போகமாட்டேன்.

மறைந்த செலவுகள் அதிகம் உள்ள இடமும் இதுதான். முதலாவது, 'கேம்பர் அவுட்' என்று சொல்லி, ஹைட்ராலிக் கருவியால் ஸ்ட்ரட் எனும் சஸ்பென்ஷன் தூணையோ அதன் பிடிப்பையோ வளைத்துப் பச்சைக்குக் கொண்டுவருவது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. குழியில் விழுந்து வளைந்த பாகத்தை மறுபடி வளைப்பதைவிட மாற்றுவதே நல்லது; வளையாத பாகத்தை வளைப்பதோ புதிய குறையை உண்டாக்குவது. அளவுத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். கேம்பர் அனுமதித்த எல்லைக்குள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, காஸ்டர் திருத்தம். உங்கள் காரில் எந்த போல்ட்டைத் திருகிக் காஸ்டரை மாற்றுவார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது, பேலன்சிங்குக்காக ரிம்மில் பொருத்தும் சிறு எடைகளுக்குக் கிராம் கணக்கில் வாங்கும் கட்டணம். நான்காவது, டயரில் காற்றுக்குப் பதிலாக நிரப்பும் நைட்ரஜன். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை காற்றைச் சரிபார்ப்பவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

'டயர் வாங்கினால் அலைன்மெண்ட் இலவசம்' என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மாலை, பின்னால் ஐந்து வண்டிகள் நிற்கும்போது கிடைக்கும் இலவசத்தைவிட, செவ்வாய்க்கிழமை காலையில் காசு கொடுத்துப் பார்ப்பது மலிவு.

பேலன்சிங்கிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய ஈய எடைகளையும் பட்டைகளையும் கழற்றிவிட்டு, டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களை நீக்கிய பிறகே சக்கரத்தை மிஷினில் ஏற்ற வேண்டும். ரிம்மின் விட்டம், அகலம், மிஷினிலிருந்து அதன் தூரம் ஆகிய மூன்றையும் கொடுத்துச் சுழற்றினால், உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று எண் வரும். எடை வைத்தபின் மறுபடி சுழற்றி, இரண்டு பக்கமும் சுழியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சுழற்றலைத்தான் அவசரக் கடைகள் விட்டுவிடும். ஒரே பக்கத்தில் எண்பது, நூறு கிராம் கேட்டால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருக்கலாம். எடைக்கு மேல் எடை ஒட்டாமல், டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அலாய் ரிம்மாக இருந்தால் ஒட்டு எடைதான். ஒட்டும் இடத்தை அழுக்கும் ஈரமும் இல்லாமல் துடைக்காவிட்டால் ஒரே மழையில் அது விழுந்துவிடும்.

## சென்சார் பெட்டி மாட்டும் பழைய மிஷின்

கேமரா வந்ததால் இந்த மிஷின் பயனற்றுப் போய்விடவில்லை. முறையாக அளவு சரிபார்க்கப்பட்டு, சமதளத்தில் நிறுத்தப்பட்டிருந்தால் சிறு காருக்குத் தேவையான நுட்பத்தை இது தரும். கட்டணமும் பெரும்பாலும் குறைவு. சிக்கல் வேறிடத்தில். சக்கரத்தில் மாட்டும் சென்சார் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலே அளவு பிசகும்; ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றி ரிம் கோணலைக் கழிக்க வேண்டிய வேலையைப் பலர் செய்வதில்லை. மிஷினின் அளவைச் சரிபார்க்கும் காலிபிரேஷனைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் வண்டியை ஏற்றலாம்.

## நூல் பிடிக்கும் வர்க்‌ஷாப்

படித்தவர்கள் சிரிக்கும் முறை இது, நான் சிரிக்கமாட்டேன். இரண்டு பக்கமும் நூலை வண்டிக்கு இணையாகக் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து டோவை வைப்பதில் கணித அளவில் குறை எதுவும் இல்லை. குறை, கண்ணின் எல்லையில். 14 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 10 நிமிடக் கோணம், அதாவது ஒரு டிகிரியின் ஆறில் ஒரு பங்கு. பல சிறு கார்களில் டோவுக்கு அனுமதிக்கப்படும் வேறுபாடே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால், ஸ்கேலைப் பார்க்கும் கண் சற்றுச் சாய்ந்தாலே எல்லை தாண்டிவிடும். கேம்பரை இதில் சரியாக அளக்க முடியாது, பின்சக்கரம் கணக்கில் வராது, தாள் கிடையாது, பேலன்சிங்குக்கு வேறு கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் இரண்டு இடங்களில் இதுவே சரியான வழி. ஒன்று, முன்பக்கம் பட்டைகளாலான லீஃப் ஸ்பிரிங்கும், இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டு ஆக்சிலும் உள்ள வண்டிகள்: தோட்டத்துப் பழைய ஜீப்பும், குளச்சலில் மீன் ஏற்றும் குட்டியானையும் இந்த வகை. இவற்றில் திருத்துவதற்கு இருப்பது டோ ஒன்றுதான். அனுபவமுள்ளவர் நூலிலேயே போதிய அளவு சரியாக வைத்துவிடுவார். மற்றொன்று, உள்ளூரில் டை ராடு எண்ட் மாற்றிய அன்று. மாற்றியபின் சக்கரங்கள் தோராயமாகவாவது நேராக நிற்காவிட்டால், அலைன்மெண்ட் கடைவரை போவதற்குள்ளேயே டயர் தேயத் தொடங்கும். அதற்கு நூல் பிடித்து வண்டியை நேராக்கிக்கொண்டு, அதே வாரத்தில் மிஷினுக்குப் போகலாம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த மெக்கானிக்கிடம் இன்னொரு பயனும் உண்டு. முட்டம், மணக்குடி, குளச்சல் பகுதி வண்டிகளில் உப்புக்காற்றும் மீன்தண்ணீரும் பட்டு, டை ராடின் மரையும் லாக் நட்டும் துருப்பிடித்து இறுகிவிடும். டயர் கடையில் அவசரத்தில் வெறும் பலத்தால் திருகினால் ராடு முறுகும். இல்லையென்றால் 'நட்டு வரவில்லை' என்று பெயருக்கு அளந்து அனுப்பிவிடுவார்கள். முதல்நாளே ஊர் வர்க்‌ஷாப்பில் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டை ஒருமுறை தளர்த்தி இறுக்கிக்கொண்டு போனால் மறுநாள் வேலை தடையின்றி நடக்கும்.

## ஒரே பார்வையில்

| | கம்பெனி சர்வீஸ் | 3டி டயர் கடை | பழைய சென்சார் மிஷின் | நூல் |
|---|---|---|---|---|
| கீழ்ப்பாகச் சோதனை | செய்வார்கள், நீங்கள் பார்க்க முடியாது | கடையைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | பெரும்பாலும் நன்றாகச் செய்வார்கள் |
| நுட்பம் | உயர்வு | உயர்வு | காலிபிரேஷன் இருந்தால் போதுமானது | ஒரு மில்லிமீட்டர் வரை |
| அளவுத்தாள் | கேட்டால் கிடைக்கும் | கிடைக்கும் | பெரும்பாலும் கிடைக்கும் | இல்லை |
| பேலன்சிங் | உண்டு | உண்டு | பெரும்பாலும் உண்டு | இல்லை |
| மறைந்த செலவு | முழுப்பாக மாற்றம், ஒருநாள் காத்திருப்பு | கேம்பர் வளைப்பு, எடை, நைட்ரஜன் | தவறான அளவு, மறுவேலை | மிஷினுக்கு மறுபடி போவது |
| பொருந்தும் வண்டி | வாரண்டியில் உள்ளது, இ.எஸ்.பி. உள்ளது | வாரண்டி முடிந்த கார் | பழைய சிறு கார் | ஜீப், குட்டியானை |

## எப்போது, எவ்வளவு செலவுக்கு

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பேலன்சிங், 10,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை அலைன்மெண்ட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் சாலைகளுக்கு நான் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. பேலன்சிங்கை நடுக்கம் வந்தாலோ, டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினாலோ செய்துகொள்ளலாம். நாகர்கோவிலைத் தாண்டாத, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டிக்கு அதில் அவசரம் இல்லை. அலைன்மெண்ட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது எந்த வேகத்திலும் தின்னும். பெரிய குழியில் இறங்கிய அன்றும், முன்பக்கச் சஸ்பென்ஷனில் எதையாவது மாற்றிய அன்றும், புதிய டயர் போட்ட அன்றும் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் செய்ய வேண்டும்.

ஒரு டயர் 4,500 ரூபாய் என்றும், நல்ல நிலையில் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். டோ விலகி இரண்டு முன்டயர்களும் 20,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டால் நட்டம் 4,500 ரூபாய். அலைன்மெண்ட்டுக்கு ஆவது சில நூறு ரூபாய். நான்கு வழிகளுக்கும் இடையே உள்ள கட்டண வேறுபாடு இந்த நட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே நூறு ரூபாய் குறைவு என்பதற்காக ஒரு கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## வண்டியை எடுத்த பிறகு

பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போக்குவரத்துக் குறைந்த, சமமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டாம். விரல்களைத் தளர்வாக வைத்தாலே இழுப்பு தெரியும். நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்றுத் திரும்பி நின்றால் அங்கேயே திரும்பிப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். 'ரெண்டு நாள் ஓடினா செட்டாயிடும்' என்ற பதிலை ஏற்காதீர்கள், அது தானாகச் செட்டாகாது. பேலன்சிங் செய்த வண்டியை எண்பதுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க ஊருக்குள் இடமில்லை; அதற்கு அடுத்த திருநெல்வேலிப் பயணம்வரை பொறுக்கத்தான் வேண்டும். அளவுத்தாளில் அன்றைய கிலோமீட்டர் எண்ணை எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை 'முன்பு இருந்த அளவு' என்ற பத்தியோடு ஒப்பிட்டால், இடையில் எது விலகியது என்று மெக்கானிக்குக்கு உடனே தெரியும்.

சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியிருப்பதால், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் வண்டியில் உள்ள ஸ்பேனரால் நட்டுகளை எதிரெதிராக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு நட்டு கால் சுற்றாவது திரும்பினால், மீதி மூன்று சக்கரங்களையும் அன்றே பார்த்துவிடுங்கள்.